ஆற்றோடு போகாதவர்

மத்தியான வெயிலில், பரமத்தி வேலூர் போகும் பேருந்தில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்காளும் தம்பியும். கைபேசியைப் பார்த்தபடி தம்பி சொன்னதில் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

“அக்கா, நம்ம தாத்தாவோட தம்பி ஆத்தோட போகலீங்க. கப்பல்ல போயிருக்காரு.”

“யாரு சொன்னது?”

“இணையத்துல சந்தா கட்டிப் பழைய பதிவெல்லாம் பாக்கறேன்ல, அதுல கப்பல் ஏறுனவங்க பட்டியல் இருக்குதுங்க. பேரு, அப்பன் பேரு, ஊரு எல்லாம் சரியா இருக்குது. மாடு முட்டுன புருவத் தழும்பு கூட எழுதியிருக்காங்க. பிஜித் தீவுல கரும்புக்காட்டு வேலைக்குப் போயி, எழுவது வயசு வரைக்கும் இருந்திருக்காருன்னு அங்கத்த சாவுப் பதிவுல இருக்குதுங்க.”

வெளியே வாழைத்தோப்புகள் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அக்காள் தம்பி பக்கம் திரும்பினாள்.

“ஏஞ்சாமி, ஆத்துல போனவருன்னு தாத்தா காலத்துல இருந்து ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை காவேரிக் கரையில தனி இலை போட்டமே. உசுரோட இருந்த மனுசனுக்கா படைச்சோம்?”

தம்பி கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அப்ப இந்த வருசம் அந்த இலை வேண்டாமுங்களா?”

“வேண்டாமா? இத்தன வருசம் ஆத்தைப் பாத்துப் போட்டோம். இப்பத்தான சாமி அவரு விலாசமே கெடைச்சிருக்குது.”