எங்கள் வீட்டு ஒச்சாமே

சர்க்கரை ரொட்டிக்கு மாவைக் கையால் பிசைந்தால்தான் ருசி. குமாசியில் இப்போது பாதிப் பேர் இயந்திரத்துக்கு மாறிவிட்டார்கள். நான் மாறவில்லை. அதனால்தான் விரல்கள் இப்படிப் பருத்துக் கிடக்கின்றன. உட்கார்ந்ததிலிருந்து அவற்றையே பார்க்கிறீர்கள், நர்ஸம்மா. இந்தக் கையால் பிள்ளையை அடித்திருப்பாளோ என்றுதானே? இல்லை. என் இரண்டு பெண்களில் பெரியவள் பிராகோ மேலும் சரி, சின்னவள் அச்சியா மேலும் சரி, என் கை பட்டதே கிடையாது. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று வயதுப் பெண் ஒரு மாதமாக வாய் திறக்கவில்லை, தலைமுடியைப் பிடுங்கி மெல்லுகிறாள், வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் வழி தேட முடியும் என்கிறீர்கள். சொல்கிறேன். கேட்கும்போது முகத்தை மட்டும் சுளிக்காதீர்கள்.

வெளியே பெஞ்சில் தொப்பியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் கணவர் ஒபிரி. வீட்டு வாசலில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறார். முற்றத்தின் பின்பக்கம் என் ரொட்டி அடுப்பு. அவர் சூடுகாட்டி ஒட்டுகிற ரப்பரின் நாற்றம் என் மாவில் ஏறும், என் புகை அவர் கண்ணில் ஏறும். அந்த அளவுக்குத்தான் இப்போது எங்களுக்குள் உறவு.

என் அம்மா செத்துப்போனபோது மருமகன் என்ற முறையில் அவர் முன்னால் நின்றிருக்க வேண்டும். அதே சனிக்கிழமை அவருடைய தாய்மாமனுக்கும் அடக்கம் வைத்திருந்தார்கள். அவர் அங்கே போய்விட்டார். தாய்வழி ரத்தம்தான் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்பது எங்கள் அசாந்தி வழக்கம். அதை எனக்கே எடுத்துச் சொன்னார். முறை தெரியாதவளா நான்? ஆனால் வந்தவர் போனவர் எல்லாம், "மருமகன் எங்க?" என்று கேட்டுக்கேட்டு என் மானத்தை வாங்கினார்கள். குழியை மூடிய பிறகு வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். அன்றோடு அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினேன். மூன்று வருடமாகிறது. அவரும் சளைத்தவர் இல்லை, ஒருநாளும் இறங்கி வரவில்லை.

பேச்சே இல்லாமல் குடும்பம் ஓடாது. அரிசி தீரும், குழாய் உடையும், பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் பிராகோ இருந்தாள். "உங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லு" என்பேன், போவாள். "உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார், வருவாள். இதில் என்ன தப்பு? எங்கள் ஊர்த் தலைவரிடம் யாரும் நேருக்கு நேர் பேச முடியாது. பக்கத்தில் கோல் பிடித்து ஒச்சாமே நிற்பார். அவரிடம் சொன்னால் அவர் அதைப் பதமாக்கித் தலைவர் காதில் போடுவார். தலைவர் சொல்வதையும் அப்படியே பதமாக்கித் திருப்பித் தருவார். என் தாய்மாமன் துமாசி அந்தக் கோலைப் பிடித்தவர். அவருக்குப் பின்னால் அது எங்கள் ரத்தத்தில்தான் யாருக்காவது வரும்.

ஒருமுறை மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பிராகோ முற்றத்தில் இங்கும் அங்கும் நடப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ நம்ம ரத்தம்டி. நீ கையில தேளைக் குடுக்கிற, அவ அங்க போயி பூவா நீட்டுறா பாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் எதைச் சொல்கிறார் என்று அன்றைக்கு உறைக்கவில்லை. அக்கம்பக்கமும் அவளைக் குட்டி ஒச்சாமே என்றே கூப்பிட ஆரம்பித்தது. சோறு இறங்காமல் மெலிந்தாள், வளரும் வயது என்றோம். பெரியவளான பிறகும் பாயை நனைத்தாள், குளிர்ச்சி என்றோம். ஏதாவது சொல்லி அனுப்பினால் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவாள், பிறகுதான் நடப்பாள். பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். பொறுப்பில்லாத தாய் என்று என்னைச் சொல்ல முடியாது.

ஒருநாள் அவள் வகுப்பு டீச்சர் கதவைத் தட்டினாள். வயசு என்னவோ என் செருப்பு வயசு.

"கிளாஸ்ல ரெண்டு பேரு சண்ட போட்டா இவ நடுவுல ஓடிப்போய் நின்னு நடுங்குறா, மா. வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

"சமாதானம் பண்ற பிள்ளையப் பத்திக் குத்தம் சொல்ல இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களா? கால் வலிக்கப் போவுது, கெளம்புங்க."

போய்விட்டாள். பிறகு வரவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். சில மாதங்களாக ஒபிரியிடமிருந்து நல்ல வார்த்தை வந்துகொண்டிருந்தது. "புகையில ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னு அப்பா சொன்னாரு, மா." "இன்னைக்கு ரொட்டி ரொம்ப நல்லாருக்காம்." "பாட்டிய நெனச்சா அவருக்கும் கஷ்டமா இருக்காம்." கல்லும் கரையும், நானும் மனுஷிதானே. எனக்குள் ஏதோ இளகத் தொடங்கியது. இதை உங்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு மத்தியானம் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நானே கடைப்பக்கம் நடந்தேன். வந்து சாப்பிடுங்கள் என்று என் வாயாலேயே சொல்லிவிடலாம் என்றுதான்.

அன்று காலைதான் வழக்கமான கடுப்பில், "அந்த டயரு வெடிச்சு அவரு மூஞ்சி கிழியட்டும்னு சொல்லு" என்று பிராகோவிடம் சொல்லியிருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவள் பேசுவது கேட்டது.

"காத்தடிக்கறப்ப முகத்தக் கிட்ட வெக்காதீங்கன்னு அம்மா சொன்னாங்கப்பா."

அவர் கொக்கரித்தார். "உங்கம்மாவுக்கு எப்ப இருந்து இந்த அக்கற? நான் தொண்டை வறண்டு செத்தாலும் அவ கையால தண்ணி வாங்கமாட்டேன்னு போய்ச் சொல்லு."

நான் ரொட்டியோடு திரும்பி வந்து அடுப்படியில் நின்றேன். பின்னாலேயே பிராகோ வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா உங்களுக்கு நன்றி சொன்னாரு, மா."

அப்படியானால் எல்லாமே அவள் சமைத்ததுதான். புகையில் நிற்காதே என்றதும், ரொட்டி நன்றாக இருக்கிறது என்றதும், என் தாயை நினைத்து வருந்தியதும். என் வீட்டிலேயே, நான் பெற்ற பிள்ளையே என்னை முட்டாளாக்கியிருக்கிறாள். அவர் அங்கே என்னை மிதித்துக்கொண்டிருக்க, நான் இங்கே புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளை பொய் சொன்னால் திருத்த வேண்டியது தாயின் கடமை. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

கோபப்படவில்லை. ரொட்டியைப் பிய்த்து அவளுக்கே கொடுத்துச் சாப்பிடச் சொன்னேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். இனிப்புத் தடவ முடியாத ஒரு வார்த்தை வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"இப்ப ஒண்ணு சொல்றேன். உப்பும் போடாத, சர்க்கரையும் போடாத. அப்படியே கொண்டுபோ."

"சரிம்மா."

"'உங்க அம்மா பேர எவனோ பெத்த பிள்ளைக்கு வெச்சிட்டீங்க'ன்னு சொல்லு."

அவளுக்குப் புரியவில்லை. "எந்தப் பிள்ளைக்கும்மா?"

"ஒனக்குத்தான்."

நீங்கள் வடக்கே பிறந்தவர் என்பதால் சொல்கிறேன். எங்களில் ரத்தம் தாய் கொடுப்பது. பெயரும் அதோடு வருகிற உயிர்மூச்சும் தகப்பன் கொடுப்பது. ஒபிரி தன் தாயின் பெயரைத்தான் மூத்த மகளுக்கு வைத்தார். அதனால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார், அம்மா என்பார். அந்தப் பெயரைப் பறித்தால் பிள்ளைக்கு நிற்க ஒரு கால்தான் மிஞ்சும்.

பிராகோ என் காலைக் கட்டிக்கொண்டாள். "வேற ஏதாவது சொல்லுங்கம்மா, நான் போய்ச் சொல்றேன். எது வேணா சொல்றேன்." அப்போதும் பேரம்தான் பேசினாள். நான் சத்தம் போடவில்லை. "நீ சொல்லலைன்னா அவங்க ஆளுங்க எல்லாம் கூடுற எடத்துல நானே சொல்லுவேன். எது நல்லதுன்னு நீயே பாத்துக்க" என்றேன். முடிவை அவள் கையில்தான் விட்டேன்.

போனாள். இந்த முறை நானும் சுவரோரம் போய் நின்றேன், அவள் ஏதும் மாற்றுகிறாளா என்று பார்க்க.

"என்னம்மா, என்ன சொல்லிவிட்டா ஒங்காத்தா?" என்று கேட்டார்.

சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை.

அவர் சிரித்தார். "ஈ போகப்போவுது. மூடு அம்மா."

மூடினாள். அவ்வளவுதான்.

தொண்டையில் ஏதோ கோளாறு என்று அவர் மருந்துக்கடைக்கு ஓடினார். பிறகு பாதிரியார் எண்ணெய் தடவினார், உபவாசம் வைத்தார். பேயை ஓட்டுகிறோம் என்று கழுத்தைப் பிடித்து உலுக்கினார்கள். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே. நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.

அது உண்மையா என்கிறீர்கள். என்ன கேள்வி இது? நான் அப்படிப்பட்டவள் இல்லை. பிராகோ ஒபிரியின் மகள்தான். பொய். தெரிந்தே சொன்ன பொய். அவர் நெஞ்சில் போய்த் தைக்க வேண்டும் என்று செய்தேன். அவள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். யார் அவளை அப்படிச் செய்யச் சொன்னது?

முகத்தைச் சுளிக்காதீர்கள் என்றேனே.

"இப்பவே அவரையும் பிராகோவையும் உள்ள கூப்பிடுறேன். பிள்ள காது கேக்க, அவரு மூஞ்சியப் பாத்து, நான் சொன்னது பொய்யின்னு ஒங்க வாயால சொல்லுங்க. இன்னைக்கு அது ஒண்ணு போதும்" என்கிறீர்கள். நல்ல யோசனை. எனக்குச் சம்மதம். பிள்ளை தேற வேண்டும் என்று என்னைவிட அதிகம் நினைப்பவர் யார்? ஒரு வார்த்தை மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த மனுஷனிடம் நேராக என் வாய் பேசாது, நர்ஸம்மா. வெளியே அவர் பக்கத்தில் ஆறு வயதுக் குட்டி ஒன்று காலாட்டிக்கொண்டிருக்கும், அச்சியா. அவளை உள்ளே அனுப்புங்கள், சொல்லிக்கொடுக்கிறேன். நாக்கு சுத்தம், கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவாள். சர்க்கரை சேர்க்க இன்னும் பழகவில்லை.