ஒப்புதல் கொடுத்தது யார்?

தலைமையாசிரியை: உள்ள வாங்க சார், நல்லா பாருங்க. நீங்களும் பாருங்கம்மா. சுவத்துல சேறு எது வரைக்கும் ஏறியிருக்குன்னு பாருங்க. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைங்க உட்கார்ற பெஞ்சு முழுசா மூழ்கி, கரும்பலகையும் பாதி...

தாளாளர்: நான் வெள்ளம் பார்க்க வரல, டீச்சர். நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு விதி இருக்கா, இல்லையா?

தலைமையாசிரியை: இருக்கு சார். தாளாளர் ஒப்புதல் இல்லாம பெத்தவங்களுக்கு எந்தத் தகவலும் போகக்கூடாது.

தாளாளர்: தீ பிடிச்சாலும்...

தலைமையாசிரியை: வெள்ளம் வந்தாலும். பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடக் கூடாதுன்னு போட்ட விதி.

தாளாளர்: தெரிஞ்சுமா, 'ஏரிக்கரை உடையப் போகுது, உடனே வந்து பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க'ன்னு எல்லார் வீட்டுக்கும் மெசேஜ் போச்சு?

தலைமையாசிரியை: போச்சு. எல்லாரும் வந்தாங்க. சைக்கிள்ல வந்தாங்க, டிராக்டர்ல வந்தாங்க, ஒருத்தர் பாதி முகத்துல சோப்பு நுரையோட ஓடி வந்தார். தண்ணி இந்த அறைக்குள்ள நுழையறப்போ, உள்ள ஒரு குழந்தைகூட இல்ல சார்.

தாளாளரின் மனைவி: அதைக் கொஞ்சம் காதுல வாங்குங்களேன்.

தாளாளர்: நீ சும்மா இரு. நான் பாட்டுக்கு அங்க மேடையில பேசிட்டிருக்கேன், இங்க...

மனைவி: 'மாணவர் பாதுகாப்பு'ன்னு தலைப்பு. பேச ஆரம்பிச்சவர் இறங்கவே இல்ல.

தாளாளர்: கிண்டலுக்கு இதுவா நேரம்? டீச்சர், எனக்கு ஒரே பதில் வேணும். எழுதினது நீங்க. ஒப்புதல் கொடுத்தது?

தலைமையாசிரியை: அதுவும் நான்தான்.

மனைவி: டீச்சர்...

தலைமையாசிரியை: நீங்க பேசாதீங்கம்மா.

தாளாளர்: அப்ப இன்னையோட உங்க வேலை போச்சு. புரியுதா?

தலைமையாசிரியை: புரியுது. வேலை போனா வேற பள்ளிக்கூடத்துல தேடிக்கலாம். பிள்ளை போனா... எங்க போய்த் தேடறது, சார்?

தாளாளர்: வசனம் நல்லாத்தான் இருக்கு.

மனைவி: உங்க மேடைப் பேச்சுக்கு எவ்வளவோ மேல்.

தாளாளர்: வாசல்ல பெத்தவங்க திரண்டு நிக்கறாங்க. அவங்க முன்னாலயே சொல்லிடறேன், இனிமே இந்தம்மா இங்க இல்லைன்னு.

தலைமையாசிரியை: தாராளமா சொல்லுங்க. அவங்க தோள்ல உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களும் கேக்கட்டும்.

தாளாளர்: கதவை விடு. ஏன் குறுக்க நிக்கற?

மனைவி: நான் முதல்ல சொல்லிக்கறேன், அப்புறம் நீங்க. டீச்சர், கண்ணைக் காட்டாதீங்க, இனிமே முடியாது. இவங்க விதியை மீறவே இல்லங்க. எழுதி, ஒப்புதல் கேட்டு உங்க போனுக்குத்தான் அனுப்பினாங்க. நீங்க மேடையில இருந்தீங்க, போன் என் மடியில இருந்துச்சு. 'சரி'ன்னு அமுக்கினது நான். அப்புறம் உங்களுக்குப் பயந்து அந்த மெசேஜை அழிச்சதும், டீச்சர்கிட்ட உண்மையைச் சொன்னதும் நான். வீட்டுல எனக்குச் சண்டை வரக்கூடாதுன்னு இந்தம்மா வேலையையே விடத் துணிஞ்சுட்டாங்க. நீக்கணும்னா என்னை நீக்குங்க, பார்ப்போம்... வாசல்ல நிக்கற பெத்தவங்களே, கேட்டீங்கல்ல? போன் என் மடியில இல்லாம அவர் பையில இருந்திருந்தா, இன்னைக்கு நீங்க யார் தோள்ல சாஞ்சு அழுதிருப்பீங்க? ஆபத்தை யார் முதல்ல பார்க்கறாங்களோ, அவங்க சொல்லட்டும். அந்த விதியை இப்பவே, இங்கயே எடுக்கச் சொல்லுங்க. எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகாதீங்க.