லேப்டாப்புல இருக்கு, ஸ்டிக்குல இருக்கு

அந்த டிஸ்க்க கழட்டாதீங்கண்ணா. இன்னொரு வாட்டி ஓட்டிப் பாருங்க. முதல் வாட்டி ஒண்ணும் வரலன்னா ரெண்டாவது வாட்டியும் வராதுன்னு எதுவும் சட்டம் இருக்கா. சரி, உங்க சாஃப்ட்வேருக்கு அப்படித்தான்னா இருக்கட்டும். அழிஞ்சத ஆழமாத் தேடறதுன்னு ஒண்ணு இருக்குன்னீங்கல்ல, அத ஓட்டுங்க. நாப்பது நிமிஷம் ஆனா ஆகட்டும். நான் எங்கயும் போகல, இந்த ஸ்டூல்லயே உக்காந்திருக்கேன்.

இல்லண்ணா, போட்டோ இல்ல. உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் போட்டோவத்தான் தொலைச்சுட்டு வருவாங்க போல. எங்கது ஆடியோ. ஆயிரத்து நூத்தி எழுபத்தி ரெண்டு ஃபைல். சின்னச் சின்னது தான், ஒரு ஃபைலுக்கு ஒரு வரி. எங்கம்மா பேசினது. பத்து கெடச்சாக்கூட குடுங்க. பாதியில அறுந்திருந்தாலும் பரவால்ல.

என்ன பண்ணேன்னு அந்த ஃபாரத்துலயே எழுதிக் குடுத்தேனே. கையெழுத்து புரியலையா. எங்க டீச்சருங்களும் அதத்தான் சொன்னாங்க. சரி, வாயாலயே சொல்றேன். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டேன், பென்டிரைவ்ல இருந்து. வீடியோ பார்த்துத்தான். பன்னெண்டு நிமிஷ வீடியோ. நான் ஒன்றரை மடங்கு வேகத்துல வச்சு எட்டு நிமிஷத்துல முடிச்சேன். என் லட்சணம் மொத்தமும் அதுலயே இருக்கு பாருங்க. முதல்ல எல்லாத்தையும் வேற எடத்துல காப்பி எடுத்துக்கங்கன்னு அந்த ஆளு ஆரம்பத்துல சொன்னான். அந்த எடத்த தள்ளிவிட்டேன்.

படிக்கல, நின்னுட்டேன். பதினொண்ணோட. ஃபெயிலாகல, நானாத்தான் நின்னேன். ஃபெயிலாயிருந்தா வீட்ல சொல்றதுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு எதுவா இருந்தாலும் மேல போகணும், இல்ல கீழ போகணும், நடுவுல நிக்கக் கூடாது. நான் நடுவுல நிக்கிற கேஸ்.

லேப்டாப் அம்மாவோடது. கூரியர் ஆபீஸ்ல பழசெல்லாம் கழிச்சப்ப அவங்களுக்குக் குடுத்தது. அங்க போன் எடுக்கிற வேலை அவங்களுக்கு. பார்சல் எங்க, ஏன் இன்னும் வரலன்னு கத்துறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லணும். பதினாலு வருஷம். எங்கம்மா குரல நீங்க கேட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும், அவங்க போன் இல்லாமயே பதில் சொல்லலாம். ரெண்டு தெரு கேக்கும். நான் எங்க சுத்துறேன்னு தேடவே மாட்டாங்க. வாசல்ல நின்னு டேய்னு ஒரு சத்தம். நான் வந்துடுவேன். என்கூட நிக்கிறவனும் பயந்துபோய் சேர்ந்து வந்துடுவான்.

அப்புறம் அந்தக் குரலு கரகரன்னு ஆச்சு. ஜலதோஷம்னு மூணு மாசம் ஓட்டினோம். அந்த மூணு மாசத்துக்கு என்னத் திட்ட முடியாதேன்னு எனக்குக் கொஞ்சம் ஜாலியாக்கூட இருந்துச்சு, பொய் சொல்லல. டாக்டர் மூக்கு வழியா குழாய் விட்டுப் பார்த்துட்டு, கட்டின்னாரு. குரல்வளையையே எடுக்கணும், எடுத்துட்டா உயிரு தங்கும், பேச்சு இருக்காது. சளிக்கு மாத்திரை எழுதித் தர்ற மாதிரி ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. அம்மா அழல. எப்ப ஆபரேஷன்னு மட்டும் கேட்டாங்க. இருபத்தாறு நாள் கழிச்சுன்னாரு.

இருபத்தாறு நாள்ல ஆயிரம் வரிண்ணா. ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற மேடம் சொன்ன ஐடியா அது. ஆபரேஷனுக்கு முன்னாடி வரி வரியாப் பேசி ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கிட்டா, அப்புறமா டைப் பண்ண டைப் பண்ண கம்ப்யூட்டர் அவங்க குரல்லயே பேசுமாம். அதுக்கு ஆயிரத்துக்கு மேல வரி வேணும், வேற சத்தமே கலக்கக் கூடாது. பேப்பர்ல அச்சடிச்சுக் குடுத்தாங்க. ஆயிரத்து நூறு வரி.

எங்க வீட்ல ரெண்டு ரூம் தான். உள்ரூம்ல ஜன்னல சாத்தி, ஃபேன நிறுத்தி, பீரோ கதவத் தொறந்து வச்சு, அந்தத் துணிங்களுக்கு எதிர்க்க உக்காந்து பேசணும். அப்பத்தான் எதிரொலி வராதாம். நான் பட்டன் அமுக்கணும், அம்மா படிக்கணும். வேர்த்துக் கொட்டும். தயவுசெய்து சாளரத்தைத் திறக்கவும்னு முதல் பக்கத்துலயே ஒரு வரி. எங்கம்மா என்னத் திரும்பிப் பார்த்தாங்க. யாருடா இப்படிப் பேசுவா, நான் இப்படிப் பேசினா உங்கப்பா என்னைய வேற ஆஸ்பத்திரியில சேர்த்துடுவாருன்னாங்க. சிரிச்சதுல அந்த டேக் போச்சு. அதையும் நான் அழிச்சுட்டேன். சிரிப்பு கலந்தா செல்லாதுன்னு.

மேடம்கிட்ட போய்ச் சொன்னோம், இது எங்க வீட்டு பேச்சே இல்லன்னு. நீங்களா எழுதிச் சேர்த்துக்கங்கன்னாங்க. அம்மா பேப்பருக்குப் பின்பக்கம் எழுதினாங்க, எழுபத்தி ரெண்டு. அப்பாவுக்கு ஒரு அஞ்சாறு இருக்கும், மாத்திரை போட்டீங்களா, அந்த சட்டைய மாத்துங்க, இந்த மாதிரி. மிச்சமெல்லாம் எனக்கு. எருமை, எந்திரி. ஈரத்துண்ட கட்டில் மேல போடாத. எங்க போற, யார்கூட, எப்ப வருவ. பொய் சொல்லாத, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. இதெல்லாம் ஒரே டேக்ல ஓகே ஆச்சு. ஒத்திகையே தேவைப்படல.

சிரிங்க, பரவால்ல. அப்ப நானும் தான் சிரிச்சேன்.

ஆனா அந்த லேப்டாப் இருக்கே. மெமரி ரெண்டு ஜிபி. அம்பது வரி பேசினா ஒரு வாட்டி அப்படியே நின்னுடும். சேவ் ஆகாது. அம்மா திரும்பப் பேசணும். ஒரே வரிய நாலு வாட்டி அஞ்சு வாட்டி பேசியிருக்காங்க. ஒவ்வொரு நாளும் குரல் தேஞ்சுட்டே வருது, இது வேற தின்னுக்கிட்டு இருக்கு. எனக்கு அந்த மெஷின தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருக்கும். அம்மா தண்ணி குடிச்சுட்டு, சரி மறுபடி அமுக்குடாம்பாங்க.

அதனால தான் லினக்ஸ். வேற எந்த வெங்காயமும் இல்ல. பழைய மெஷினுக்கு அதான் லேசா இருக்கும்னாங்க. அம்மா வீட்டுக்கு வந்து டைப் பண்ணிட்டு, அது முழிச்சு முழிச்சு இருபது செகண்ட் கழிச்சுப் பேசினா எப்படி. எங்கம்மா திட்டறதுக்கு இருபது செகண்ட் காத்திருக்கிற ஆளா. அவங்க வர்றதுக்குள்ள ரெடி பண்ணி வச்சிடணும்னு நெனச்சேன். வாழ்க்கையில ஒரே ஒரு வேலைய நடுவுல விடாம முடிச்சேன்ணா. அது இது.

காப்பி எடுத்தேன், எடுக்காம இல்ல. ஆபரேஷனுக்கு முந்தின நாளு, அம்மா கண்ணு முன்னாடியே, மொத்தத்தையும் பென்டிரைவ் ஸ்டிக்குல போட்டேன். இதே மஞ்ச ஸ்டிக் தான். கூரியர் ஆபீஸ்ல புது வருஷத்துக்கு குடுத்தது, நாலு ஜிபி, மூடி எப்பவோ போச்சு. எங்க வீட்ல இருக்கிற ஒரே ஸ்டிக் இது தான்.

இப்ப புரியுதா.

போன வாரம் திங்கக்கெழம ஆபரேஷன். நல்லா முடிஞ்சுது. புதன்கெழம நான் மட்டும் வீட்ல. லினக்ஸ ஸ்டிக்குல ஏத்தினாத்தான் அதுல இருந்து லேப்டாப்புக்குப் போட முடியும். புது ஸ்டிக் வாங்கக் கடைக்குப் போனா பத்து நிமிஷம் நடை. போகல. மேசை மேல இது கெடந்துச்சு, சொருகினேன். இதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சுடும், சரியான்னு கேட்டுச்சு. லேப்டாப்புல இருக்குல்லன்னு நெனச்சேன். சரின்னு அமுக்கினேன். அது ஏறிட்டு இருந்துச்சு, அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, போயிட்டேன்.

வியாழக்கெழம வந்து உக்காந்தேன். ஸ்டிக்குல இருந்து ஓட விட்டேன். பழசுக்குப் பக்கத்துலயே போடவா, இல்ல டிஸ்க்க மொத்தமா அழிச்சுட்டுப் போடவான்னு கேட்டுச்சு. பக்கத்துலன்னு தான் முதல்ல குடுத்தேன், நெசமா. எடம் பத்தல, இதச் சுருக்கு அதப் பிரின்னு ஏதேதோ கேட்டுச்சு. எனக்குப் பொறுமை இல்ல. பின்னாடி வந்து அழின்னு குடுத்தேன். இந்த டிஸ்க்குல இருக்கிறதெல்லாம் போயிடும், சரியா. ஸ்டிக்குல இருக்குல்லன்னு நெனச்சேன்.

எந்த ஸ்டிக். என் முழங்கைக்குப் பக்கத்துல பச்ச லைட்டு மின்னிக்கிட்டு சொருகியிருக்கே, அந்த ஸ்டிக்.

லினக்ஸ் மேல தப்பு சொல்ல மாட்டேன். அது ரெண்டு வாட்டி கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. நான் தான் ரெண்டு வாட்டியும் ஒரு செகண்ட் கூட யோசிக்கல. ஒவ்வொரு வாட்டியும் எனக்கு ஒரு பதில் ரெடியா இருந்துச்சு பாருங்க. ரெண்டுமே நல்ல பதில் தான், ஒரே நாள்ல இருந்திருந்தா.

எப்பத் தெரிஞ்சுதா. எல்லாம் முடிஞ்சு, ஸ்டிக்க எடுத்துட்டு என்டர் அமுக்குன்னு வந்துச்சு. எடுத்தேன். கையில சூடா இருந்துச்சு. அப்பத்தான். என்டர் கூட அமுக்கல.

இப்ப ஒம்பது செகண்ட்ல ஆன் ஆகுதுண்ணா. பறக்குது. நீங்களே பார்த்தீங்கல்ல.

மேடத்துக்கு இன்னும் அனுப்பல. மொத்தமா ஒரே தடவையில கொண்டு வாங்கன்னாங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு குடுக்கிறதா இருந்தோம். என் போன்ல அம்மாவோட பழைய வாய்ஸ் மெசேஜ் மூணு இருக்கு. ஒண்ணு பால் வாங்கிட்டு வா. ஒண்ணு எங்கடா இருக்க. இன்னொண்ணுல பஸ் சத்தம் தான் கேக்குது. அத மேடம்கிட்ட போட்டுக் காமிச்சேன், வேற ஒருத்தருக்காகக் கேக்குறேன்னு பொய் சொல்லி. இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுப்பான்னாங்க.

ஆமா, போன வருஷம் இந்த டிஸ்க்க மாத்தினோம். சுத்துற டிஸ்க்கா இருந்திருந்தா கொஞ்சம் கெடச்சிருக்குமா. எஸ்எஸ்டின்னா அழின்னதும் சுத்தமா தொடச்சுடுமா. நல்லா இருக்கு. வேகமா இருக்கும்னு அப்பாகிட்ட அடம் புடிச்சு மாத்த வச்சதும் நான் தான்.

அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தான். கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சிருக்காங்க, மூச்சு அது வழியாத்தான். சின்ன சிலேட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தோம், அதுல எழுதுவாங்க. நேத்து என்னக் கூப்பிட்டு, லேப்டாப் ரெடியான்னு எழுதிக் காமிச்சாங்க. தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் அத அழிச்சுட்டு, சாப்பிட்டியான்னு எழுதினாங்க. சனிக்கெழம வீட்டுக்கு வர்றாங்க.

என்னண்ணா. வந்துருச்சா. எத்தன. மூணா. ஆடியோ தானே. போடுங்க, போடுங்க. கொஞ்சம் சத்தமா வைங்க.

ம்.

மணிச் சத்தம். இன்னொண்ணு. டொக்குன்னு ஏதோ. மூணாவது. தெரியும்ணா, போதும். லினக்ஸோட சத்தம் அது. ஆன் ஆகும்போது வரும், தப்பா எதையாவது அமுக்கினா வரும்.

வேற இல்லையா. ஸ்டிக்குலயும் இல்லையா. முடிஞ்சுதா. சரி. கழட்டிடுங்க.

இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி வேணாம்.

காப்பிய பத்திரமா வைன்னு யாரும் சொல்லலையான்னா கேக்குறீங்க. அந்த வீடியோக்காரன விடுங்க. சொன்னாங்கண்ணா. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஸ்ட்ரெச்சர நிறுத்தினாங்க. யாராவது பேசணும்னா பேசிக்கங்க, ரெண்டு நிமிஷம்னு நர்ஸ் சொல்லிட்டு தள்ளிப் போச்சு. கடைசியா பேசப் போறாங்களேன்னு அப்பா ஸ்ட்ரெச்சர் மேல குனிஞ்சாரு. அவர் கைய மட்டும் புடிச்சுக்கிட்டு அம்மா என்னத்தான் பார்த்தாங்க. டேய், அந்த ஸ்டிக்க மேசை மேல போட்டு வைக்காத, பீரோவுல என் துணிக்கு அடியில வச்சுப் பூட்டு, அதுல கை வைக்காதன்னாங்க. அதோட கதவு சாத்திட்டாங்க. அவங்க குரல்ல நாங்க கேட்டது அவ்ளோ தான்.

மேசையில இருந்து பீரோ ரெண்டு எட்டுண்ணா. வைக்கல.