அழகா இருக்கார்னு சொன்னா ஆள் கிடைக்குமா?

ஆசிரியர்களே, சாப்பாட்டு நேரமாச்சு, தெரியும்... இந்தச் சின்னக் கதையைக் கேட்டுட்டு எந்திரிங்க.

குளச்சல் பக்கம் ஜெசிந்தாள்னு ஒரு டீச்சர். சாயங்காலம் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாங்க. மேசையில போட்டோக்களைப் பரப்புவாங்க. "பார்த்ததை எழுதுங்க." என்ன எழுதுவாங்க? கடலா? பியூட்டிஃபுல். கல்யாணமா? பியூட்டிஃபுல். எருமை மாடா? அதுவும் பியூட்டிஃபுல்!

ஒருநாள் அமலோற்பவம்னு ஒரு பொண்ணு... உட்காருறா, எந்திரிக்கிறா, செல்லைப் பார்க்கிறா, வாசலுக்குப் போறா.

"என்ன அமலி?"

"டீச்சர்... அவிய படகு கவுந்துட்டாம்."

புருஷன் சிலுவைதாசனுக்கு வளைகுடாவுல மீன்பிடி வேலை. பிழைச்சவங்களை அங்க ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. பேர் சொல்லக்கூட முடியாம சிலர் மயக்கத்துல. இவ போன் பண்ணியிருக்கா. நர்ஸ் கேட்டிருக்கா, "ஆள் எப்படி இருப்பார்?" இவ என்ன சொன்னா தெரியுமா? "குட் மேன்... வெரி குட் மேன்..." அழுகை. லைன் கட்.

"போட்டோவை அனுப்பலாமே?"

"அது லேண்ட்லைன் டீச்சர்!"

ஜெசிந்தாள் மேசையில கிடந்ததை எல்லாம் ஒதுக்கித் தள்ளினாங்க. "உன் புருஷன் போட்டோவைக் காட்டு. என்ன தெரியுது?"

"அழகா இருக்காரு..."

"அழகா இருக்கார்னு சொன்னா ஆள் கிடைக்குமா? பாரு மக்கா... நல்லா பாரு!"

பார்த்தா. "இடது காது... நுனி இல்ல. தூண்டில் கிழிச்சது."

"எழுது! அப்புறம்?"

"மணிக்கட்டுல நங்கூரம் பச்சை குத்தியிருக்கு..."

வகுப்பே சுத்தி நிக்குது. ஆளுக்கொரு இங்கிலீஷ் வார்த்தை எடுத்துக் கொடுக்குது. அமலியே போன் போட்டா... அமலியே வாசிச்சா. நர்ஸ், "வெயிட்"னு போயிட்டா.

ஒருத்தரும் உட்காரல...

"மேடம்... காது அப்படித்தான் இருக்கு. நங்கூரம் இருக்கு. உயிரோட இருக்கார்."

அப்படியே தரையில உட்கார்ந்துட்டா அமலி. ரெண்டு மாசத்துல சிலுவைதாசன் கம்பு ஊனிக்கிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

இப்ப சொல்லுங்க... நாம படத்தைக் காட்டி என்ன கேட்கிறோம்? "எப்படி இருக்கு?" பிள்ளை "நல்லா இருக்கு"ங்குது. டிக் போட்டு அடுத்த பக்கம். அது பிள்ளை தப்பா? நாம பார்க்கவே விடலையே! வார்த்தையை அகராதி கொடுக்கும்... பார்க்கிற கண்ணை யார் கொடுப்பா? "என்ன தெரியுது? இன்னும் என்ன?"ன்னு பக்கத்துல நின்னு நச்சரிக்கணும். ஒரே ஒரு படம்... முழு பீரியடும் போகட்டும். போர்ஷன் முடியலையா?

முடியாட்டிப் போகட்டும்!