பட்டமளிப்பு அங்கிகளை நான் பார்த்துக்கொண்ட விதம்

கீழே சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று மணக்குள விநாயகர் மீதும் என் இடது முழங்கால் மீதும் சத்தியம் செய்கிறேன். வலது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. அதன் மீது சத்தியம் செய்தால் செல்லாது.

கல்லூரி கேண்டீனில் தேநீர் நன்றாக இருக்கும். நடந்தது அத்தனைக்கும் காரணம் அதுதான்.

என் பெயர் காசிலிங்கம். ஊர் தவளக்குப்பம். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதும் புதுச்சேரி டவுனில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், பாவம். இந்த வயதில் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். இத்தனை வயதுக்குக் குறையக் கூடாது என்றுதான் விதி இருந்தது. நான் குறையவில்லை.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர்கள் மனதை நோகடிக்க வேண்டாமே என்று உட்காரச் சொன்னேன், வருகைப் பதிவு எடுத்தேன், அந்த வாரம் முழுக்கப் பாடமும் நடத்தினேன். அடுத்த வாரம் உண்மையான பேராசிரியர் வந்தார். நான் நடத்தியதுதான் புரிந்தது என்று பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அவர்கள் எனக்கு வைத்த பெயர் முசே. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரத் துரைகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். துரை என்று ஒருவர் நம்மைக் கூப்பிடும்போது மறுப்பது மரியாதை இல்லை.

மூன்று வருடம் சுகமாகப் போனது. கேண்டீன், கடைசி பெஞ்சு, மத்தியானம் நூலகத்தில் விசிறிக்குக் கீழே தூக்கம். கடைசி வருடம் முடியும் சமயத்தில் என் மனைவி சொர்ணம் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்தாங்க, பட்டம் வாங்கற வரைக்கும்தான் இந்தக் கூத்து. மறுநாள் காலைல வந்து கடைல உக்காரணும். நாகராஜு போர்டே எழுதிட்டான்."

நாகராஜ் என் மகன். தவளக்குப்பம் முனையில் தண்ணீர் கேன் கடை பிடித்திருந்தான்.

"இன்னா எழுதியிருக்கான்?"

"காசிலிங்கம் பி.ஏ., வாட்டர் சப்ளை."

"பி.ஏ. எதுக்கு?"

"படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா?"

கணக்கு எளிமையானது. மேடையேறிப் பட்டம் வாங்காத வரை நான் மாணவன். வாங்கிவிட்டால் மறுநாள் காலை முதல் ஆயுள் முடியும்வரை கேனுக்குக் காவல். உங்களையே அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

கல்லூரியிலோ எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். பரீட்சை முடிந்து முடிவும் வந்துவிட்டது. விழா வேலைகளுக்கெல்லாம் சரத்குமார் என்ற பையன் செயலாளர். வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் அடைந்தால் அவன் குரல்தான். "மச்சான், வெள்ளைச் சட்டை மறக்காதீங்கடா, கையெழுத்து போடணும்." "போட்டோவுக்கு எவனும் கூலிங்கிளாஸ் போட்டுட்டு வரக் கூடாது." பிரிந்து போவதற்கு ஒருவன் இவ்வளவு சந்தோஷமாக ஏற்பாடு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வெளி உலகம் தெரியாது. எனக்குத் தெரியும், நாற்பது வருடம் அதில்தான் இருந்தேன். ஒன்றும் இல்லை அங்கே.

முதலில் நல்ல வழியில்தான் முயன்றேன். குழுப் புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். புகைப்படக்காரர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, தொழிலையே விட்டுவிட்டு இப்போது வில்லியனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பிரிவு உபசார விழாவில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசி முடிப்பதற்குள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டதாகச் சரத்குமார் சொல்லித் திரிகிறான். மிகைப்படுத்துவது அந்தப் பையனுக்கு வழக்கம். எப்படியோ, பட்டமளிப்பு விழாத் தேதி மட்டும் அசையவில்லை.

இங்கே வினோதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன் பெஞ்சு. வகுப்பில் முதல் மாணவி. விழாவில் தங்கப் பதக்கம் அவளுக்குத்தான். சென்னையில் ஒரு தனியார் வங்கியில் வேலையும் கிடைத்திருந்தது. நன்னடத்தைச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சேர வேண்டியதுதான் பாக்கி. அவள் அம்மா ஆயம்மா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர், வீடும் அங்கேதான். விடியற்காலையில் அம்மாவுக்குக் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை குளித்துவிட்டுத்தான் வினோதா கல்லூரிக்கு வருவாள். பையில் சென்ட் பாட்டில் இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஏன் கண்ணு என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாது முசே. பஸ்ல எம் பக்கத்து சீட்டு மட்டும் காலியாவே வரும்."

முழங்கால் வலியால் நான் வராத நாளெல்லாம் எனக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதி வைப்பாள். தங்கமான பெண். அவள் மேல் எனக்கு இருக்கும் பிரியம் இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

விழாவுக்கான கறுப்பு அங்கிகள் வெளியூரிலிருந்து வாடகைக்கு வந்திறங்கின. தட்டைத் தொப்பி தனி மூட்டை. சரத்குமார் என்னிடம் ஓடி வந்தான்.

"முசே, கவுன் பொறுப்ப நீங்க எடுத்துக்குங்க. இஸ்திரி போடணும். உங்க வீட்லதான் லோடு ஆட்டோ இருக்கே."

"எடுத்துக்கறேன் தம்பி. நீ நிம்மதியா இரு."

நான் யாரையும் கேட்டு வாங்கவில்லை. தானாக வந்த பொறுப்பு. பொறுப்பு வந்தால் யோசனையும் வரும்.

பட்டறையில் என்னோடு வேலை பார்த்த கோவிந்தராசு இப்போது தேங்காய்த்திட்டில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருக்கிறான். அங்கே ஆட்டோவை விட்டேன்.

"யோவ் காசி, இன்னாய்யா மூட்டை?"

"துணி. ரெண்டு மூணு நாளு இங்க இருக்கட்டும்."

"இங்கியா? உனுக்குப் பைத்தியமா? அப்புறம் ஜென்மத்துக்கும் வாடை போவாதுய்யா."

"ஜென்மம் வரைக்கும் வேணாம். ஒரு முற்பகல் இருந்தா போதும்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. பட்டறை ஆட்கள் அப்படித்தான்; கொடுத்த வேலையைச் செய்வோம், எதற்கென்று கேட்க மாட்டோம். ஒரு வரிசை அங்கி, ஒரு வரிசை சுறாக் கருவாடு, மறுபடி அங்கி, அதன் மேல் நெத்திலி என்று பக்குவமாக அடுக்கினேன். தொப்பி மூட்டைக்கும் அதே மரியாதை. ஊறுகாய் போடுகிற நிதானம் வேண்டும் அதற்கு. பிறகு எடுத்து உதறி, இஸ்திரி போட்டு, மல்லிகை சென்ட்டும் அடித்து வைத்தேன். காய்ந்த கருவாடு தூங்குகிற குழந்தை மாதிரி. ஈரம் பட்டால்தான் எழுந்து தெருவையே கூப்பிடும். கறுப்புத் துணி, புதுச்சேரி வெயில், கல்லூரி வாசலிலிருந்து அரங்கம்வரை ஊர்வலம். வேர்வைக்கு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

விழா அன்று காலை முழங்கால் கொஞ்சம் முறுக்கியது. "கண்ணு, நீ எடுத்து எல்லாருக்கும் குடுத்துடு" என்று வினோதாவிடம் சொன்னேன். மூட்டையைப் பிரித்து, ஒவ்வொருவர் அளவும் பார்த்து, பெண் பிள்ளைகளுக்குத் தோளில் ஊசியும் குத்திவிட்டாள். எனக்கும் தொப்பியைச் சரிசெய்து, "சூப்பரா இருக்கீங்க முசே" என்றாள். நான் நன்றாகத்தான் இருந்தேன்.

நாதஸ்வரம் முன்னால் போக, நாங்கள் இரண்டிரண்டு பேராக நடந்தோம். பாதி வழியில் முதல் பூனை வந்து சேர்ந்தது. ஒற்றைக் கண், பெரிய மார்க்கெட்டில் மீன் அங்காடிப் பக்கம் பார்த்த முகம். அது திரும்பி ஒரு குரல் கொடுத்தது. அப்புறம் சந்து சந்தாக வரத் தொடங்கின. ஒழுங்கைச் சொல்ல வேண்டும். அவையும் இரண்டிரண்டாகத்தான் வந்தன. ஒத்திகைக்கு வராத பையன்களைவிட வரிசை நேராக இருந்தது.

"டேய் சரத்து, பின்னால பாருடா."

"யார்ரா இதுங்க? எந்த டிபார்ட்மென்ட்டு?"

"பி.காம். மாதிரி இருக்குது."

சிறப்பு விருந்தினர் பெரிய கல்வியாளர். அவருக்கும் நம் மூட்டையிலிருந்துதான் அங்கி. அரங்கத்து வாசலில் ஒரு பருந்து இறங்கி அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. குஞ்சம் ஆடிக்கொண்டே துறைமுகத் திசையில் போனதை ஊரே பார்த்தது. சந்தேகம் இருந்தால் பருந்தைக் கேட்கலாம். உள்ளே விசிறிகளைப் போட்டதும் வாடை முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒழுங்காகப் பங்கிடப்பட்டது. ஒற்றைக்கண் பூனை விருந்தினர் மடியில் ஏறி உட்கார்ந்து, வரவேற்புரை முழுவதையும் கேட்டது. அந்த வரவேற்புரையைக் கடைசிவரை கேட்டது அது மட்டும்தான்.

முதல்வர் சந்திரகலா அம்மா மூக்கைப் பொத்திய கையோடு மைக்கைப் பிடித்து, விழா ஒத்திவைக்கப்படுகிறது என்றார். பதக்கம் மேசையிலேயே இருந்தது. என் மனதிலிருந்து ஒரு கேனை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மாள், "யாரு வீட்ல வச்சிருந்தீங்க இந்தத் துணியெல்லாம்?" என்று கத்தினாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வேற எங்க? காலைல அவதான் எடுத்து எடுத்துக் குடுத்தா."

பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் வினோதாவைப் பார்த்தார்கள். ஆயம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

"எம் பொண்ணு காலைல ரெண்டு தடவ குளிச்சுட்டு வந்துச்சும்மா" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

முதல்வர் அம்மா என் பக்கம் திரும்பினார். "ஐயா, கவுனெல்லாம் எங்க இருந்துச்சு?"

"தேங்காய்த்திட்டுலம்மா" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு வினோதாவைப் பார்த்தார். தேங்காய்த்திட்டில் யாரிடம் என்று அவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு முதல்வர் அறையில் விசாரணை நடந்தது. வினோதா நின்றுகொண்டே பேசினாள். "எங்க வீட்ல வைக்கல மேடம். எங்கம்மா ஒரு நாளைக்கு மூணு தடவ வீடு கழுவுறாங்க" என்றாள். அப்படியென்றால் அங்கிகளைப் பொறுப்பாக வைத்திருந்தவரைத்தான் கேட்க வேண்டும் என்று முதல்வர் அம்மா தொடங்கினார். வினோதா குறுக்கிட்டாள்.

"முசேவ இதுல இழுக்காதீங்க மேடம். அவருக்குத் தெரியாம யாரோ பண்ணியிருக்காங்க. முட்டி வலியோட அவரு மூட்டை தூக்கியிருக்கவே மாட்டாரு."

பாருங்கள், எவ்வளவு நல்ல மனது. கேட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மீன் இருக்குமா என்று அவளிடம் கேட்கப்பட்டது. மீன் விற்கும் வீட்டில் மீன் இல்லாமல் இருக்குமா. "இருக்கும்" என்றாள். அது எழுதிக்கொள்ளப்பட்டது. வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் நன்னடத்தைச் சான்றிதழ், இல்லையென்றால் இல்லை என்று முடிவானது. செய்யாததுக்கு எழுதித் தர மாட்டேன் என்று அவள் போய்விட்டாள். வங்கிக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது பகலில் அம்மாவோடு ஏலத்தில் நிற்கிறாள் என்று கோவிந்தராசு சொன்னான். சென்ட் அடிப்பதில்லையாம்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நிதானமாக யோசியுங்கள். சென்னையில் ஒரு வயசுப் பெண் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு, ரயிலில் தொங்கி என்ன சுகப்படப் போகிறாள்? இங்கே என்றால் அம்மா இருக்கிறார், நான் இருக்கிறேன். புது விழாத் தேதி இன்னும் முடிவாகவில்லை. நான் தினமும் கல்லூரிக்குப் போய்வருகிறேன், தேநீரும் பழையபடி நன்றாகவே இருக்கிறது. அவள் ஒரு நாள் வருவாள், முன் பெஞ்சில் உட்காருவாள் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்காக அந்த இடத்தில் பை வைத்துப் பிடித்து வைத்திருக்கிறேன்.

விசாரணையின்போது நீ வாய் திறந்திருக்கலாமே என்பீர்கள். நியாயம்தான். அந்த அறையில் யாராவது என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், இடது முழங்கால் சாட்சியாக எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர்: முதல்வர், துறைத் தலைவர், மாணவர்கள் சார்பில் நான். வீட்டில் மீன் இருக்குமா என்று கேட்டவன் நான்.