மேனேஜர் அடுக்கிய கற்கள்

உப்புத் தண்ணீரில் மீன் வளர்ப்பவனுக்கு முதலில் பொறுமை வேண்டும் ஐயா. எனக்கு அது வண்டி வண்டியாக உண்டு. நிதானமாகவே சொல்கிறேன்.

என் மீன் கிளாத்தி ஜாதி. நீளம் ஒன்றரை முழம். வருகிறவர்களிடம் மூன்று முழம் என்பேன். பல்லைப் பார்த்தபிறகு யாரும் அளக்கக் கேட்டதில்லை. நண்டை ஓட்டோடு நொறுக்கும். துணைக்கு விட்ட ஏழு மீன்களையும் ஒரே வாரத்தில் தீர்த்துக்கட்டியது. நான் வேலை பார்த்த அச்சகத்து மேனேஜருக்கும் அதே தாடை. அதனால் இதற்கும் மேனேஜர் என்றே பெயர். மனைவி போனபிறகு, காலையில் என் முகத்தைக் கண்டதும் ஓடிவருகிற ஜீவன் வேறு எது?

மேனேஜருக்கு ஒரு வழக்கம். தொட்டியின் அடியில் கிடக்கும் கற்களை வாயால் தூக்கித் தன் இஷ்டப்படி அடுக்கும். அதில் ஒன்றை யாராவது அசைத்தால் வெறி பிடித்துவிடும். சுத்தம் செய்ய நானே நீளக் கழியைத்தான் விடுவேன். அந்தக் கழியில் பாதி இப்போது இல்லை.

மகளுக்கு ஏழு மாதம். குழந்தைக்குத் தொட்டி இருக்கும் அறை வேண்டும் என்றார் மாப்பிள்ளை. மேனேஜரைப் பிடித்துப்போக வளர்ப்பு மீன்கடைக்காரரிடம் பேசியும் முடித்துவிட்டார். வலை வீச வசதியாகக் கற்களை முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொன்னாராம் கடைக்காரர். சனிக்கிழமை காலை, மகள் தன் மாமியாரோடு பரிசோதனைக்குப் போயிருந்தாள்.

"நாளையோட இந்த ராட்சசன்கிட்டருந்து உங்களுக்கு விடுதலை மாமா," என்று சிரித்துக்கொண்டே முக்காலியில் ஏறினார்.

"பாத்து மாப்பிள்ளை, முக்காலி ஆடும்," என்றேன். கல்லைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தோள்வரை கையை விட்டு முதல் கல்லைத் தூக்கினார். மேனேஜர் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அலறிய வேகத்தில் முக்காலி சரிந்து, தலைகுப்புறத் தொட்டிக்குள் விழுந்தார். அப்புறம் காது. அப்புறம் கன்னம். தெறித்த தண்ணீரில் கூரையோரப் பல்லிகூடக் குளித்திருக்கும்.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் உதைத்தன. ஓங்கி ஓர் உதை பட்டால் கண்ணாடி போய்விடும். மேனேஜர் தரையில் கிடந்து துடிக்கும். எனவே இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினேன். முப்பத்தொரு வருஷம் இயந்திரம் ஓட்டிய கை, பிடித்தால் பிடிதான்.

ஒருமுறை முகம் தண்ணீருக்கு மேலே வந்தது. "மாமா..."

"இங்கதான் இருக்கேன் மாப்பிள்ளை," என்றேன்.

கால்கள் ஓயும்வரை விடவில்லை. பிறகு அவர் விரல்களைப் பிரித்து, பிடித்திருந்த கல்லை எடுத்து, உடைந்த கழியால் பழைய இடத்துக்கே தள்ளிவைத்தேன்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். மகள் என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றாளாம். அதிர்ச்சி, போகப்போகச் சரியாகிவிடுவாள். மேனேஜருக்கு இப்போது தீனி போடுகிறவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் முரடு என்று இருந்தது அது ஒன்றுதான்.