வெறி வராத பக்தைகள்

ஆழ்வார்பேட்டையில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் நாடகப் பயிற்சி நடக்கும் கூடத்தைப் பெருக்கித் துடைப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. மற்றவர் மடியில் காலி மீன்கூடை.

“கிரேக்க நாட்டுல ஒயினுக்குன்னே ஒரு சாமி கீதாம்க்கா. அதைக் கும்புடுற பொம்பளைங்க வூட்ட வுட்டு மலைக்கு ஓடி, தலைய விரிச்சினு ஆடுவாங்களாம். அதான் நாடகம்.”

“யாரு ஆடுறாங்க?”

“எல்லாம் கார்ல வர்ற பொண்ணுங்க. வெறி வரணும்னு வாத்தியாரு ஒரு மாசமா கத்துறாரு. அதுங்க முடி கலையாம ஆடுதுங்க. இன்னிக்கு ஒருத்தி வரல. ‘அவங்க எடத்துல நீங்க நின்னு கத்துங்கம்மா’ன்னாரு.”

“கத்துனியா?”

“கண்ண மூடினேன். தெனம் ஒயின் ஷாப்பு வாசல்ல வுழுந்து கெடக்குற என் வூட்டுக்காரன நெனச்சேன். அப்பால இன்னா ஆச்சுன்னே தெரியல. கண்ணத் தொறந்தா கொண்டை அவுந்து கீது. பொண்ணுங்க செவுத்தோட ஒட்டினு நிக்கிதுங்க. வாத்தியாரு கதவாண்ட போய்ட்டாரு.”

“இன்னா சொன்னாரு?”

“‘ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, ஆனா நம்ம நாடகத்துக்கு இவ்ளோ வேணாம்’னாரு.”

“அப்ப நாளைக்கு?”

“பெருக்கினா போதுமாம்.”